பேர்ள் மொழியும் ஓர் இசைச் சேவையகத்தின் வரலாறும்

ஒரு செய்நிரலை எம்மொழியில் எழுதுவது என்னும் வினாவுக்குத் தொடக்கத்தில் எளிதாகவே விடை காணப்படுகின்றது. அவ்விடையின் பாரத்தைச் சுமப்போர் பின்வருவோரே. 2001 ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் சிலிம் டிவைசஸ் கம்பனி, வலையமைப்பின் வழியே இசையைப் பெறும் கருவியொன்றை வெளியிட்டது. கணினியிலுள்ள பாடற் கோப்புகளை வகைப்படுத்தி அக்கருவிக்கு அனுப்பும் செய்நிரலே பின்னர் சிலிம்சேர்வர் எனப் பெயர் பெற்றது. அது பேர்ள் மொழியில் எழுதப்பட்டது.

1987 இல் லறி வோல் ஆக்கிய பேர்ள், எழுத்துத் தொடர்களைக் கையாள்வதில் வல்லது. இசைச் சேவையகத்தின் பணியோ, வியப்பாயினும், பெரும்பாலும் சொற்களோடு தொடர்புடையது: பாடகர் பெயர், பாடற் தலைப்பு, இணையப் பக்கம். ஒலியை உருமாற்றும் கடும்பணி வேறு செய்நிரல்களிடம் விடப்பட்டது. எனவே அன்றைய தெரிவு பிழையானதன்று. மூலநிரல் திறந்திருந்தமையால் பயனர் பலர் தாமே இணைப்புச் செய்நிரல்களை எழுதிச் சேர்த்தனர். அவையும் பேர்ளிலேயே அமைந்தன. மொழியை மாற்ற விடாது பிணித்தது கம்பனியின் ஆணையன்று, இவ்வுழைப்பின் திரளே.

2006 இல் லொஜிரெக் அக்கம்பனியை வாங்கியது. 2008 இல் வந்த கைக்கருவியின் திரைக்குப் பிரேசிலில் பிறந்த லூவா மொழி தெரிவாயிற்று. சேவையகத்தின் தரவுத்தளமும் இடையில் மாற்றப்பட்டது. பேர்ள் மட்டும் நிலைத்தது. இதற்கிடையே பேர்ளின் வழித்தோன்றலாக 2000 இல் அறிவிக்கப்பட்ட மொழி 2015 இலேயே முழுவடிவம் பெற்றது; பழைய நிரல்களோடு ஒவ்வாத அது, 2019 இல் ராக்கு என வேறு பெயரும் பூண்டது. இளையோர் பலர் பைதனை நாடினர்.

முற்றாக மீள எழுதுவதே வழி என்போரின் கவலை நியாயமானது. பேர்ள் அறிந்தோர் அருகினால் பிழைதிருத்தவும் ஆளிராது. ஆயினும் அவர்கள் இழப்பைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். மியூசிக் பிளேயர் டீமன் என்னும் பிறிதோர் இசைச் சேவையகம் 2013 அளவில் சீ மொழியிலிருந்து சீ பிளஸ் பிளஸுக்கு மாறியதென்றால், அவ்விரு மொழிகளின் நெருங்கிய உறவே அதனை எளிதாக்கியது. பேர்ளுக்கு அத்தகைய அண்டைமொழி வாய்க்கவில்லை.

2012 இல் லொஜிரெக் அவ்வகைக் கருவிகளைக் கைவிட்ட பின்னரும் சேவையகம் அழியவில்லை. 2024 இல் அது லிறியன் எனப் பெயர் மாறியபோதும் பேர்ளிலேயே இயங்கியது. சேவையகத்தோடு உரையாடும் முறை வெளிப்படையாக இருந்தமையால், சீ மொழியில் எழுதப்பட்ட ஸ்குவீஸ்லைற் போன்ற இசைப்பான்கள், பேர்ளில் ஒரு வரியேனும் எழுதாமலே அதனோடு இணைந்தன.