ஊதியமற்ற உழைப்பு: ஒரு கலைச்சொல்லும் குடும்பத் தலைவியும்

ஆணாதிக்கம், பாலினச் சமத்துவம் போன்ற பெண்ணியக் கலைச்சொற்கள் பெரும்பாலும் மேடையிலும் பாடநூலிலும் புழங்குகின்றன. சம்பளமில்லா வீட்டுவேலையைக் குறிக்கும் ‘ஊதியமற்ற உழைப்பு’ அவற்றைத் தாண்டிப் புள்ளிவிவர அட்டவணை, விபத்து இழப்பீட்டு வழக்கு, சொத்து வழக்கு, நலத்திட்டம் என்று அரசின் ஏடுகளுக்குள்ளும் ஏறிவிட்டது. ஏறிய பெரும்பாலான இடங்களில் உழைப்பவள் பின்னுக்குப் போய், அவள் கணவனோ குடும்பமோ முன்னால் வந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணக்கெடுக்க வந்தவர் ‘என்ன வேலை பாக்குறீங்க?’ என்று கேட்டால், மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு வரும் பெண் ‘வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பாள். சம்பளம் வந்தால்தான் வேலை என்று ஊர் வைத்திருக்கும் கணக்கை அவளும் சொல்கிறாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கணக்கும் ஏறத்தாழ அதுவேதான். வீட்டுவேலை மட்டும் பார்க்கும் பெண்களை 2001 கணக்கெடுப்பு பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக்கைதிகள் ஆகியோரோடு சேர்த்து உழைக்காதோர் வகையில் வைத்ததை, 2010-இல் அருண்குமார் அகர்வால் என்ற விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு. ஊதியமில்லாத வீட்டுவேலையில் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அது காட்டியது. இந்த 97-ஐக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இது ஆண்கள் அனைவரின் சராசரியன்று. வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி. அப்படிக் கைவைத்தவர்கள் ஆண்களில் 26.1 விழுக்காட்டினர், பெண்களில் 81.2 விழுக்காட்டினர். ஏறத்தாழ நான்கில் மூன்று ஆண்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 2024 ஆய்வில் பெண்ணின் நேரம் 289 நிமிடமாகவும் ஆணின் நேரம் 88 நிமிடமாகவும் இறங்கியது. ஈடுபட்ட ஆணின் நேரமும் சேர்ந்து குறைந்திருப்பதால், பெண்ணின் பாரம் குறைந்தது ஆண் தோள்கொடுத்ததால்தான் என்று இந்த எண்களைக் காட்டிச் சொல்ல வழியில்லை.

கணக்கிடும் முறையிலும் இடைவெளி உண்டு. விடியற்காலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணிவரை நாளை அரைமணி அரைமணியாக நறுக்குகிறார்கள். ஓர் அரைமணியில் பத்து நிமிடமாவது நீடித்த வேலைகளில் மூன்றுவரைதான் பதிவாகும். குழம்பு கொதிக்கிறது, பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிறது, மோட்டார் போட்ட தொட்டி நிரம்பி வழிகிறதா என்று ஒரு காது மாடிப்பக்கம் இருக்கிறது. இதில் அந்தக் காது எந்தக் கட்டத்திலும் விழாது. மாமனாரின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு வரும், கேஸ் எப்போது புக் செய்தோம் என்று மனத்துக்குள் ஓடும் பட்டியலுக்கும் அதே கதிதான். பெண்ணியர் ‘மனச்சுமை’ என்று தனிப்பெயரிட்டது இதைத்தான். ஆய்வு சொல்லும் 299 நிமிடத்தை நான் கீழ்வரம்பாகவே கொள்கிறேன்.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்த உழைப்புக்கு விலை வைத்த கதை இன்னும் விசித்திரமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்திருந்தது. அதன்படி, ஒரே மாதிரி சமைத்துத் துவைத்த இருவரில் அதிகாரியின் மனைவிக்கு ஒரு விலை, கடைச் சிப்பந்தியின் மனைவிக்கு வேறு விலை. 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் மேற்கண்ட 2019 புள்ளிவிவரத்தையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிடுவது அவள் உழைப்புக்குத் தரும் அங்கீகாரம் என்றது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் அந்த அங்கீகாரம் கைக்கு வருவதற்குள் அவள் லாரியில் அடிபட்டுச் செத்திருக்க வேண்டும். பணத்தை வாங்குவதும் மற்றவர்கள்.

உயிரோடிருக்கும் பெண்ணுக்குப் பலன் தந்தது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. கணவர் சவூதியில் வேலைபார்த்து அனுப்பிய பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. அவள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் கடல்கடந்து சம்பாதிக்க முடிந்தது, ஆகவே இருவருக்கும் சமபங்கு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. உழைப்பைச் சொத்துரிமையோடு நேராகக் கோத்த வாதம் இது. இருந்தாலும் குடும்பம் உடைந்து கோர்ட்டுப் படியேறியவளுக்குத்தான் அது எட்டும்.

அன்றாடத்துக்கு அருகில் வருவது, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அரசும் இதை விளக்கியது. (ஆயிரத்தில் என்ன வந்துவிடும் என்று கேலி பேசுவோர், தன் பெயருக்கு வந்த ஏடிஎம் அட்டையை முந்தானையில் முடிந்துவைத்திருப்பவளிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.) சிக்கல் தொகையில் இல்லை, தகுதியில் இருக்கிறது. தொடங்கியபோது வைத்த விதிகளின்படி குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கு, புன்செய் 10 ஏக்கருக்கு மிகக் கூடாது. ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வறுமை ஒழிப்புக்கு இவை பொருத்தமான அளவுகோல்கள். உழைப்புக்கு ஈடு என்றால், கணவன் சம்பளம் கூடிய மாதத்தில் மனைவியின் உழைப்பு எப்படிக் காணாமல் போகும்?

1972-இல் இத்தாலியில் தொடங்கிய ‘வீட்டுவேலைக்கு ஊதியம்’ இயக்கம் கேட்டது உழைப்பவளுக்கான ஊதியம். ஊதியம் கொடுத்தால் பெண்ணை அடுப்படியிலேயே நிறுத்திவிடும் என்று 1981-இல் அமெரிக்கப் பெண்ணியர் ஏஞ்சலா டேவிஸ் எழுப்பிய மறுப்பும் அதே உழைப்பவளை மனத்தில் வைத்துத்தான். உரிமைத் தொகையோ ரேஷன் அட்டையைத் தேடி வருகிறது. அட்டைக்கு ஒருத்திதான் குடும்பத் தலைவி. காலையில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் மருமகள் அட்டையில் தலைவியாக இருந்தால் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறும். அவள் திரும்பும்வரை கைக்குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைக்கும் மாமியாருக்கு அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. மாமியார் தலைவியானால், இருவருக்கும் சேர்த்துச் சமைக்கும் மருமகள் வெளியே நிற்பாள்.