கடலுக்கு அப்பாலும் காஞ்சிக் கடையும்

‘வக்கீல்’, ‘வக்காலத்து’ ஆகியவை அரபு மூலத்திலிருந்து நம் தமிழுக்கு வந்த சொற்கள். தம் காரியத்தை நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைப்பதே ‘வகாலத்’. 1882ஆம் ஆண்டின் பவர் ஆஃப் அட்டர்னி சட்டமும் இம்முறையைச் சார்ந்ததே.

அயல்நாட்டில் இருந்தவாறே காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை தொடங்குவோர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை ஊருக்கு அனுப்புவதைக் காண்கிறோம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும் என்பது 1899ஆம் ஆண்டுச் சட்டம்.

கூட்டு வணிகத்தைப் பதிவு செய்வதை 1932ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் பதிவில்லாத கூட்டில், கூட்டைக் கலைக்காமல் ஒப்பந்த உரிமை கோரி வழக்கிட இயலாது. பல்லாண்டு உழைப்பு வாய்ச்சொல்லையே நம்பி நிற்கும்.

தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது திருமறை (2:282). சகோதரருக்கிடையே எழுத்து எதற்கு என்போர் அவ்வசனத்தை மீண்டும் ஓதுவார்களாக!