நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பகல்ல தூங்குறீங்களா? ஏசி தெர்மோஸ்டாட்டைப் புரிந்துகொண்டால் தூக்கமும் மிச்சம், பில்லும் மிச்சம்!

வல்லக்கோட்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முருகன் கோயில்தான். இன்று அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சுற்றிலும் சிப்காட் வளாகங்கள். கார், பைக், டயர், மொபைல்போன் என 24 மணி நேரமும் ஓடும் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்பவர்கள் தங்க, சுற்றுவட்டார கிராமங்களில் மாடிமேல் மாடியாக வாடகை வீடுகள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுக்கும்போது மணி ஒன்பதாகிவிடும். ஊரெல்லாம் வெயில் ஏறும் நேரத்தில்தான் இவர்களுக்கு ராத்திரி ஆரம்பிக்கிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் கேட்கவே வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு வியர்த்து எழுந்துவிடுவார்கள். தூக்கம் கெட்ட அதே உடம்போடுதான் அன்று இரவு மெஷின் முன்னால் நிற்க வேண்டும், காலையில் லாரிகளுக்கு நடுவே டூ வீலர் ஓட்டி வர வேண்டும். இங்கே ஏசி என்பது சொகுசு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

அதனால்தான் இஎம்ஐ போட்டாவது ஏசி வாங்குகிறார்கள். ஆனால், இரண்டு மாதம் கழித்து வரும் கரன்ட் பில்லைப் பார்த்து, அதை ஆஃப் செய்துவிட்டு வியர்வையில் புரள்பவர்களும் உண்டு. ஏசி-யை நிறுத்தாமலே பில்லைக் குறைக்க முடியுமா? முடியும். அதற்கு ஏசி-க்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

‘18-ல வெச்சாதான் சட்டுனு கூலாகும்’ என்பது பல வீடுகளில் இருக்கும் நம்பிக்கை. ரிமோட்டில் தெரியும் எண், பைக் ஆக்ஸிலரேட்டர் போன்றது அல்ல. அது, ‘இந்த அளவு வந்ததும் நிறுத்து’ என்று சொல்லும் எல்லைக்கோடு.

இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசி-யில் கம்ப்ரஸர் ஓடும் அல்லது நிற்கும், நடுவில் வேறு வேகம் கிடையாது. அறை 34 டிகிரியில் இருக்கும்போது 18 வைத்தாலும் 26 வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், 26 வைத்தால் அந்த அளவு வந்ததும் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும். 18 வைத்தால், வெயில் காயும் மேல்மாடி அறையில் அந்த அளவு வரவே வராது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், மீட்டரும் ஓடும்.

இன்வெர்ட்டர் ஏசி-யில் ஆரம்பத்தில் கம்ப்ரஸர் வேகமாக ஓடி, வைத்த அளவை நெருங்கியதும் மெதுவாகும். அந்த ‘மெதுவாகும்’ நேரத்தில்தான் மின்சாரம் மிச்சமாகிறது. 18-ல் வைத்தால் அந்த மிச்சத்தையும் இழந்துவிடுவோம்.

அப்போ எத்தனை டிகிரி?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பிஇஇ), ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்கிறது. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிளுடன் வரும் ரூம் ஏசி-கள் 24 டிகிரியை இயல்பு அளவாகக் கொண்டு வர வேண்டும் என்ற விதியும் வந்தது.

நம்ம ஊர் உடம்புக்கு 26 அல்லது 27 டிகிரியே போதும், கூடவே சீலிங் ஃபேன் ஓடினால். ஃபேன் காற்று படும்போது இரண்டு, மூன்று டிகிரி குறைந்ததுபோல உடம்பு உணரும். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. ஏசி-யின் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஃபேனால் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்ப்ளிட் ஏசி-யின் சென்சார் உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தை அளக்கிறது. ஏசி மாட்டியிருப்பதோ சீலிங்குக்குப் பக்கத்தில். காய்ந்த கான்கிரீட்டுக்குக் கீழே தேங்கும் சூடான காற்றை அது அளந்து, ‘ரூம் இன்னும் குளிரல’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிலில் இருப்பவருக்கோ குளிர் எடுக்கும். ஃபேன், மேல் காற்றையும் கீழ் காற்றையும் கலந்துவிடுவதால் சென்சாருக்கு அறையின் உண்மையான நிலவரம் தெரியும்.

பகலில் ‘ஸ்லீப் மோடு’ வேண்டாம்

ஸ்லீப் மோடு, இரவில் தூங்குபவர்களுக்காக அமைக்கப்பட்டது. பெரும்பாலான மாடல்களில் அதைப் போட்டால், முதல் ஓரிரு மணி நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு டிகிரி தானாக ஏறும். ராத்திரி வெளியே வெப்பம் குறைந்துகொண்டே போவதால் அது சரி.

காலை ஒன்பது மணிக்குப் படுப்பவருக்கு நிலைமை தலைகீழ். வெளியே வெப்பம் ஏறும் நேரத்தில், உள்ளேயும் ஏசி அளவைக் கூட்டிவிடும். மதியம் முழிப்பு வர இதுவும் ஒரு காரணம். பகல் தூக்கத்துக்கு ஒரே அளவில், 26-ல் வைத்துவிட்டுப் படுங்கள். டைமரை, நீங்கள் எழும் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஆஃப் ஆகும்படி வைத்தால் போதும்.

ரிமோட்டில் ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்ற பட்டன் இருந்தால் கவனம். அதை அழுத்தினால், ரிமோட்டில் உள்ள சென்சாரே தெர்மோஸ்டாட் ஆகிவிடும். ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்தால் நல்லது. வெயில் படும் ஜன்னல் திட்டில் வைத்தால், ஏசி நாள் முழுக்க ஓடும்.

500 யூனிட் என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிக்கட்டுபோல ஏறும். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். இதுதான் பலர் கவனிக்காத இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் ஏசி, மணிக்குச் சராசரியாக 0.8 யூனிட், தினம் 8 மணி நேரம் என்றால் 60 நாளில் 384 யூனிட். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் சேர்த்து 180 யூனிட். மொத்தம் 564. 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி இதற்கு 2,462 ரூபாய்.

அதே ஏசி-யை 24-லிருந்து 27-க்கு மாற்றி, ஃபேனைப் போட்டால், பிஇஇ சொல்லும் கணக்குப்படி 18 சதவிகிதம், அதாவது 69 யூனிட் குறையும். மொத்தம் 495. பில் 1,695 ரூபாய். 69 யூனிட்டுக்கு 767 ரூபாய் மிச்சம்! அதன் பிறகு கட்டணம் ஓரளவு உயர்ந்திருக்கிறது. ஆனால், படிக்கட்டு அதே படிக்கட்டுதான். 30 நாள் ஆனதும் மீட்டரைப் பார்த்து, 250-ஐத் தாண்டிவிட்டோமா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

தெர்மோஸ்டாட் சரியா வேலை செய்யுதா? வீட்டிலேயே டெஸ்ட்

கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும்.

• கதவு, ஜன்னலை மூடி, 26-ல் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசி-யின் மேல்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். 25 முதல் 28-க்குள் காட்டினால் பிரச்னை இல்லை.

• அங்கே 30 காட்டும்போதே கம்ப்ரஸர் நின்றுவிடுகிறதா? சென்சார் பழுதாகியிருக்கலாம், அல்லது இடம் நழுவிக் குளிர்ந்த காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். சர்வீஸ் செய்து மாட்டும்போது சென்சாரைச் சரியான கிளிப்பில் பொருத்தாமல் விட்டால் இப்படி ஆகும். சென்சார் சின்ன பாகம்தான். போர்டையே மாற்றச் சொன்னால், ‘முதல்ல சென்சாரை மல்ட்டிமீட்டர்ல செக் பண்ணுங்க’ என்று கேளுங்கள்.

• கம்ப்ரஸர் நிற்கவே இல்லை, அறையும் குளிரவில்லையா? அளவை 16-க்குக் குறைத்து, கால் மணி நேரம் கழித்து, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சுமார் 10 டிகிரி இருந்தால் ஏசி நலம், கூரையும் ஜன்னலும்தான் பிரச்னை. நான்கைந்து டிகிரிதான் என்றால் ஃபில்டர், காயில், கேஸ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

லாரி தூசியும் ஃபில்டரும்

‘மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள்’ என்பது பொதுவான அறிவுரை. கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டோரம், பக்கத்திலேயே கட்டட வேலை என்றால் அது போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். ஷிஃப்ட் மாற்றி மாற்றி ஆட்கள் தூங்கும் அறையில் ஏசி நாளுக்கு 16 மணி நேரம்கூட ஓடும். அங்கே வாரம் ஒருமுறை.

மெயினை ஆஃப் செய்து, ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் முடிந்தது வேலை. வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

‘வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏசி-யில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. பெட்ரோல்போலத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடையிலும் அதே செலவுதான். குழாயில் ஐஸ் பிடிப்பது கேஸ் குறைந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அழுக்கு ஃபில்டராலும் அது வரும். முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள், செலவே இல்லை.

வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்றுப் போக இடம் வேண்டும். துணி காயப்போடுவது, அட்டைப்பெட்டி அடுக்குவது கூடாது. உள்யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வடிந்தால் பெரும்பாலும் டிரெயின் பைப் அடைப்புதான்.

ஏர்கூலர் போதாதா?

ராஜஸ்தான் பாலைவனத்தில் போதும். கூலர், தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் அது நடக்கும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவிகிதம் என்றால், தண்ணீர் ஆவியாவதால் காற்று 22, 23 டிகிரி வரைகூடக் குளிர முடியும். நம்ம பக்கம் 35 டிகிரி, 60 சதவிகித ஈரப்பதம் என்றால் 28-க்குக் கீழே போகவே முடியாது. மூடிய அறையில் ஈரம் சேர்ந்து புழுக்கம்தான் மிஞ்சும். கூலர் வைப்பதென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழைக்கால மாதங்களில் வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் தொல்லை என்பதால், ஏசி-யில் ‘டிரை’ மோடு போதுமானதாக இருக்கும்.

கூரையைக் கவனிக்காமல் ஏசி-யைத் திட்டாதீர்கள்

காலையிலிருந்து வெயில் குடிக்கும் கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை மதியத்துக்கு மேல் அறைக்குள் இறக்கும். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டோடு பதித்தது இதைத் தடுக்கத்தான். இப்போது செலவு மிச்சம் என்று பல வாடகை வீடுகளில் வெறும் தளத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஹவுஸ் ஓனரிடம் பேசி, மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்க முடிந்தால், ஏசி-யின் பாரம் நன்றாகக் குறையும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்டுவதும், உள்ளே கனமான திரை போடுவதும் வெயிலையும் வெளிச்சத்தையும் சேர்த்தே தடுக்கும். பகல் தூக்கத்துக்கு இரண்டுமே வேண்டும்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

• தனி மின் இணைப்பா, சப் மீட்டரா? சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீட்டில், 100 யூனிட் இலவசமும் குறைந்த படிகளின் விலையும் உங்களுக்குக் கிடைக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

• ஏசி-க்கு எர்த்துடன் தனி லைன், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசி-யை மாட்டவே கூடாது, வயர் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

• மேல்மாடியா, நடு மாடியா? வாடகை 500 ரூபாய் அதிகம் என்றாலும், நடு மாடி வீடு கோடையில் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம்.

• அறையில் எத்தனை பேர்? ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே சுற்றிவிடும். நான்கைந்து பேர் தங்கும் அறையில், ஒரு ஷிஃப்ட் எழுந்து அடுத்த ஷிஃப்ட் படுக்கும் இடைவெளியில் பத்து நிமிஷம் கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கும். அதற்குள் ஃபில்டரைக் கழுவி, சென்சாரை ஒருமுறை டெஸ்ட் செய்து, ரிமோட்டில் 26 வைத்து ஃபேனைப் போட்டுவிடுங்கள்.