கீழாநெல்லியும் கல்லீரல் வைரஸும்: தரமணி ஆய்வு சொன்னது என்ன?

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் பெயர் கீழாநெல்லி. மழைக்காலம் முடிந்ததும் சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளின் காலி மனைகளில் தானாக முளைத்துக் கிடக்கும் சிறு செடி அது. இலைகளுக்குக் கீழே நெல்லி போன்ற சின்னஞ்சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இந்தப் பெயர். தாவரவியலில் பில்லாந்தஸ் அமாரஸ் என்பார்கள்.

இந்தச் செடியைப் பற்றி நம் பக்கத்துத் தரமணியில் நடந்த ஓர் ஆய்வு, 1988இல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அந்த ஆய்வும் அதற்குப் பின் நடந்தவையும் தெரிந்தால், "மூலிகை வைரஸைக் கொல்லும்" என்று கைபேசியில் வரும் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பது விளங்கும்.

வைரஸை மருந்து எப்படித் தடுக்கிறது?

பாக்டீரியா தனித்து வாழும் உயிர். வைரஸ் அப்படியல்ல. அது நம் உடலின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. எனவே செல்லைக் கெடுக்காமல் வைரஸை மட்டும் தடுப்பது கடினம்.

வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கலாம். அது தன் மரபுப் பொருளை நகலெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் என்ற நொதியை முடக்கலாம். புதிய வைரஸ் வெளியேறுவதைத் தடுக்கலாம். மருந்துகள் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் வேலை செய்கின்றன.

செடிகளில் உள்ள சில வேதிப்பொருள்களும் இவற்றில் ஒன்றைச் செய்யக்கூடும். கீழாநெல்லியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னான்களும், ஜெரானின், கோரிலாஜின் என்ற துவர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. கசப்பும் துவர்ப்பும் இப்படிப்பட்ட பொருள்களால் வருபவையே.

தரமணியிலிருந்து லான்செட் வரை

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பெர்க். அவரது குழுவில் வெங்கடேஸ்வரன் முக்கியப் பங்கு வகித்தார். கீழாநெல்லி இனச் செடியின் நீர்ச்சாறு ஹெபடைடிஸ் பி வைரஸின் பாலிமரேஸ் நொதியைச் சோதனைக்குழாயில் தடுப்பதாக 1987இல் அக்குழு வெளியிட்டது. இதே வகை வைரஸ் தாக்கும் வுட்சக் என்ற அணில் இன விலங்கிலும் சோதித்தார்கள்.

மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, புளூம்பெர்க்குடன் இணைந்து மனிதர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி மாத்திரையும், இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் 30 நாள் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாளில் பரிசோதித்தபோது, கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை. போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. முதல் கணக்கு 59 சதவீதம், இரண்டாவது 4 சதவீதம்.

இது முதற்கட்ட ஆய்வு, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று அந்தக் கட்டுரையே சொன்னது. மக்களிடம் "கீழாநெல்லியால் ஹெபடைடிஸ் பி குணமாகிறது, லான்செட்டே சொல்லிவிட்டது" என்ற பாதிச் செய்திதான் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் நடந்தது

ஓர் ஆய்வு உண்மையா என்பது, வேறொருவர் வேறோர் இடத்தில் அதைச் செய்யும்போதும் அதே முடிவு வருகிறதா என்பதைப் பொறுத்தது. 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள், வைரஸ் நீங்கவில்லை. 1994இல் நியூசிலாந்திலிருந்து வெளியான ஆய்வும் அதையே சொன்னது.

இடத்துக்கு இடம் செடியின் சத்து மாறும், பறிக்கும் பருவமும் உலர்த்தும் முறையும் வேறுபடும் என்று காரணம் சொல்லப்பட்டது. அது நியாயமான கேள்விதான். கீழாநெல்லி என்ற பெயரில் பில்லாந்தஸ் இனத்தின் பல செடிகள் சந்தைக்கு வருகின்றன. ஆனால் இதுவே ஒரு பாடம்: செடிக்குச் செடி பலன் மாறுமானால், நோயாளி குடிக்கும் சாற்றில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

2011இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கீழாநெல்லி இனம் தனித்து ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குப் பலன் தருவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. வைரஸ் எதிர்ப்பு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இருக்கலாம் என்ற குறிப்பு இருந்தாலும், அந்த ஆய்வுகளின் தரம் போதவில்லை.

அப்படியானால் காமாலை குணமாகிறதே?

குணமானவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காமாலை என்பது தனி நோயல்ல, பல நோய்களின் அடையாளம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ ஆகியவை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அவர்கள் எழுந்து நடப்பார்கள். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம்.)

ஹெபடைடிஸ் பி இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவுவது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு அதுவும் தானாக நீங்கிவிடும். ஆனால் தாயிடமிருந்து பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 90 சதவீதம் வரை ஆயுள் முழுதும் தங்கிவிடுகிறது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே வைரஸ் தன் மூலப்படியைப் பதித்து வைத்துவிடுவதுதான் காரணம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளிப்படும்.

ஆபத்து இங்கேதான். கண்ணில் மஞ்சள் மறைந்ததும் "மூலிகையால் சரியாகிவிட்டது" என்று பரிசோதனையை நிறுத்துகிறவருக்கு, உள்ளே வைரஸ் இருக்கலாம்.

தாம்பரத்தில் நிலவேம்பும் கபசுரமும்

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. டெங்கு பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. முன்னது 9 சரக்குகளும் பின்னது 15 சரக்குகளும் சேர்ந்தது. இரண்டிலும் உள்ள நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு, ஆய்வுக்கூடத்தில் பல வைரஸ்களுக்கு எதிராகச் செயல்பட்டிருக்கிறது.

கபசுரக் குடிநீரை அறிகுறியற்ற, லேசான கொரோனா தொற்றாளர்கள் 60 பேரிடம் சோதித்து, வைரஸ் அளவு குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. நல்ல தொடக்கம். ஆனால் யாருக்கு எந்த மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த சிறிய ஆய்வு. 37 பேரிடம் கிடைத்த தரமணி முடிவு பிறகு என்னவாயிற்று என்பதை மறக்கக் கூடாது.

செடி மருந்தான கதைகள்

மூலிகையில் ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து பிரித்தெடுக்கும் ஷிகிமிக் அமிலம்தான் டாமிஃபுளூ என்ற ஃபுளூ காய்ச்சல் மருந்துக்கு மூலப்பொருளாக இருந்தது. ஆனால் பல படிகளில் வேதிமாற்றம் செய்தபின்பே அது மருந்தாகிறது. பிரியாணி சாப்பிட்டு ஃபுளூ போகாது. வைரஸால் பிறப்புறுப்பில் வரும் மருவுக்குப் பச்சைத் தேயிலைச் சத்தாலான களிம்பை 2006இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அளவு, தரம், பலன் மூன்றும் நிரூபிக்கப்பட்ட பிறகே அனுமதி கிடைத்தது.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நோய் நிவாரணம் என்ற நபிமொழியை விளக்கும் இமாம் கத்தாபீ போன்ற விரிவுரையாளர்கள், அது எல்லா நோய்க்கும் அல்ல, குறிப்பிட்ட வகை நோய்களுக்கே என்று எழுதியிருக்கிறார்கள். அதை முன்னிறுத்தி ஹெபடைடிஸ் பி நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. மருத்துவம் செய்துகொள்வதும் நமக்கு ஏவப்பட்டதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

காமாலை வந்தால் முதலில் எந்த வகை என்று இரத்தப் பரிசோதனையில் அறிந்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி என்றால் ஆறு மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அப்போதும் வைரஸ் இருந்தால் அது நாட்பட்ட தொற்று. வாழ்நாள் கண்காணிப்பு தேவை. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸைக் கட்டுப்படுத்தும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. கத்னா செய்யும் கருவியும், ஹஜ், உம்ராவில் தலைமுடி மழிக்கும் பிளேடும் ஒருவருக்குப் பயன்பட்டது இன்னொருவருக்குப் பயன்படக் கூடாது. ஹெபடைடிஸ் பி உள்ளவருடன் சேர்ந்து சாப்பிடுவதாலோ முஸாஃபஹா செய்வதாலோ தொற்றாது. அவரை ஒதுக்க வேண்டாம்.

கீழாநெல்லி குடிக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள். அலோபதி மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது. கண்ணின் மஞ்சள் போய்விட்டது என்பதற்காக இரத்தப் பரிசோதனையை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள்.