விலங்கு வகைப்பாடு: மூன்று அட்டைகள்

மழை நாளில் வால்பாறைக் காட்டுக்குள் நடப்பவரின் காலில் ஏறி, வலி தெரியாமல் ரத்தம் உறிஞ்சுவது அட்டை. வீட்டு வாசலில், தொட்டவுடன் சக்கரமாகச் சுருண்டுகொள்வது மரவட்டை. மன்னார் வளைகுடாவின் அடியில் மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுவது கடல் அட்டை. மூன்றும் நீண்ட உடல் கொண்டவை, மெல்ல ஊர்பவை. அதனால் பேச்சு வழக்கு மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டது. விலங்கியலோ இவற்றை மூன்று வெவ்வேறு தொகுதிகளில் வைக்கிறது. அட்டை வளைதசைப் புழு, மரவட்டை கணுக்காலி, கடல் அட்டை முட்தோலி. உறவு முறையில் பார்த்தால் கடல் அட்டைக்கு மற்ற இரண்டு அட்டைகளையும்விட மனிதனே நெருக்கம்.

உடலமைப்பின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கொண்டு விலங்குகளைக் குழுக்களாகப் பிரிப்பது விலங்கு வகைப்பாடு. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இறங்கும் ஏணியில், விலங்குலகத்துக்கு அடுத்த பெரும்படி தொகுதி. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் கணக்கில் உள்ளன. பெயரிடப்பட்ட விலங்கினங்களில் பெரும்பாலானவை கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடுகின்றன.

பழைய பகுப்புகள்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. அங்கே அளவுகோல் உடல் உறுப்பு அல்ல, புலன். நண்டையும் தும்பியையும் நாலறிவில் ஒன்றாகச் சேர்த்த அந்தப் பகுப்பு, எறும்பையும் கறையானையும் மூவறிவில் வைத்தது. இன்றைய கணக்கில் நான்கும் கணுக்காலிகளே. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் ரத்தமுள்ளவை, ரத்தமற்றவை என இரண்டாகப் பிரித்தார். ஓங்கில் கடலில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி போட்டுப் பாலூட்டுகிறது என்று கண்டு அதை மீன்களிலிருந்து விலக்கி வைத்ததும் அவர்தான்.

சுவீடனின் கரோலஸ் லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட நூலில் திமிங்கிலம் மீன்களோடுதான் இருந்தது. 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். அதே பதிப்பில் விலங்குகளுக்கு ஆறே வகுப்புகள்: பாலூட்டிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். மரவட்டை நண்டோடும் சிலந்தியோடும் ‘பூச்சி’ ஆனது. அட்டையும் கடல் அட்டையும் ‘புழு’க்கள் என்ற கூடைக்குள் போயின. வேறெங்கும் சேராதவற்றைப் போட்டுவைக்க அந்தக் கூடை வசதியாக இருந்தது.

கூடையைப் பிரித்தவர்களில் பிரான்சின் ஜார்ஜ் குவியே முக்கியமானவர். வெளித்தோற்றத்தை விட்டு, அறுத்துப் பார்த்த உள்ளமைப்பை அவர் நம்பினார். 1817இல் விலங்குலகை முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கண்டங்களால் (தொடராக அமைந்த உடல் துண்டுகளால்) ஆனவை, ஆர அமைப்புள்ளவை என நான்கு பெரும் பிரிவுகளாக்கினார். கடல் அட்டை நட்சத்திர மீனின் பக்கம் போனது. அட்டையும் மரவட்டையும் கண்டங்கள் உள்ளவை என்பதால் இப்போது அவை இரண்டும் கூட்டாளிகள்.

எவற்றைப் பார்க்கிறார்கள்

முதலில் சமச்சீர். பெரும்பாலான கடற்பஞ்சுகளை எந்தக் கோட்டில் வெட்டினாலும் சமபாதி கிடைக்காது. சொறி மீனை மையத்தின் வழியே பல கோணங்களில் வெட்டிச் சமபாதி பெறலாம், அது ஆரச்சமச்சீர். பூரானையோ பூனையையோ தலையிலிருந்து வால்வரை ஒரே ஒரு கோட்டில்தான் அப்படிப் பிரிக்க முடியும்; அது இருபக்கச் சமச்சீர்.

கடல் அட்டை இங்கேதான் பிடிபடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வெள்ளரிக்காய்போல ஒரு உருளை. குறுக்கே அறுத்தால், உடற்சுவரின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் ஐந்து தசைப்பட்டைகள் தெரியும். நட்சத்திர மீனின் ஐந்து கரங்களுக்கு உரிய அதே ஐந்து. பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்ட நட்சத்திர மீன் என்று இதை நினைத்துக்கொள்ளலாம். தோலில் நுண்ணோக்கிக்கு மட்டும் தெரியும் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. இனத்தை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் அவற்றின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து கண்டங்கள். அட்டையின் மேலே தெரியும் வளையங்களை எண்ணி ஏமாறக் கூடாது. ஒரு உண்மையான கண்டத்தின் மேல் பல வளையங்கள் இருக்கும். உள்ளேயுள்ள நரம்பு முடிச்சுகளை எண்ணினால்தான் சரியான கணக்கு வரும். மரவட்டை நேர்மாறு. அதன் பெரும்பாலான வளையங்கள் இரண்டு கண்டங்கள் ஒட்டி உண்டானவை. அதனால்தான் வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால்கள். பூரானுக்குக் கண்டத்துக்கு ஒரு ஜோடி.

கால்களின் கணு, உடலை மூடும் கைட்டின் ஓடு, வளர வேண்டுமானால் அந்த ஓட்டையே கழற்றியாக வேண்டிய கட்டாயம் ஆகிய மூன்றும் கணுக்காலியின் அடையாளம். கால்களை எண்ணினால் உட்பிரிவும் தெரியும்: பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கும் தேளுக்கும் எட்டு, நண்டுக்கும் இறாலுக்கும் பத்து.

ஓடு வெளியே இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கிளிக்கூண்டில் கட்டித் தொங்கவிடும் வெள்ளை ‘கடல் நுரை’ கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு. நத்தை, சிப்பி, கணவாய் மூன்றும் மெல்லுடலிகள் என்பதற்கு அது ஒரு சான்று.

இளமை காட்டும் உறவு

வளர்ந்த உடல் மறைத்ததை லார்வா காட்டிக்கொடுத்த கதைகளும் உண்டு. படகின் அடியில் சுண்ணாம்புக் கூடாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசைக் குவியே மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார். கால்களோடு நீந்தித் திரியும் அதன் லார்வாவை வளர்த்துப் பார்த்த ஜான் வாகன் தாம்சன், அது நண்டு, இறாலின் இனம் என்று 1830இல் எழுதினார். கடற்பாறையில் ஒட்டிய தோல்பைபோல இருக்கும் கடற்பீச்சிக்கும் இதே நிலைதான். அதன் லார்வா தலைப்பிரட்டைபோல நீந்துகிறது; வாலில் முதுகுநாண் இருக்கிறது. ரஷ்யாவின் அலெக்சாந்தர் கவலேவ்ஸ்கி 1866இல் இதை விளக்கியபின், கடற்பீச்சி முதுகுநாணிகளின் வரிசைக்கு வந்தது.

கருவின் வளர்ச்சியும் சாட்சி சொல்லும். முட்தோலிகளிலும் முதுகுநாணிகளிலும் கருவில் முதலில் தோன்றும் துளை ஆசனவாய்ப் பக்கமாகிறது. வாய் பிறகு வேறிடத்தில் திறக்கிறது. கடல் அட்டையும் முதுகுநாணியான மனிதனும் ஒரே கிளையில் சேர்ந்தது இப்படித்தான். அட்டையும் மரவட்டையும் சேர்ந்திருந்த கூட்டு 1997இல் ஆட்டம் கண்டது. மரபணு ஒப்பீட்டின்படி, மேலுறையைக் கழற்றி வளரும் கணுக்காலிகளும் உருளைப்புழுக்களும் ஒரு கிளை. அட்டை மண்புழுவோடு சேர்ந்து, நத்தை இருக்கும் கிளைக்குப் போய்விட்டது.

மீன் எது

முதுகெலும்பிகளுக்குள் இதயம் நல்ல அளவுகோல். மீனுக்குப் பொதுவாக இரண்டு அறை, தவளைக்கு மூன்று, பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு. ஊர்வனவற்றில் பல்லிக்கும் பாம்புக்கும் மூன்று. முதலைக்கு மட்டும் நான்கு. செதில் போர்த்திய அலங்கு குட்டிக்குப் பால் கொடுப்பதால் பாலூட்டி. கடல்குதிரை செவுளால் சுவாசிக்கும் எலும்பு மீன். வலையில் சிக்கியது ஓங்கிலா, மீனா என்று அறிய வால் போதும்: மீனின் வால்துடுப்பு செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும், ஓங்கிலின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும்.

இப்படி நட்சத்திர மீன், சொறி மீன், கணவாய் மீன், ஓங்கில் எல்லாவற்றையும் விலக்கியபின் மிஞ்சுபவையாவது ஒரே குழுவா என்றால், அதுவும் இல்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் குருத்தெலும்பு, சூரைக்கு முள். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா நீர்நிலைகளில் வாழும் நுரையீரல் மீனுக்குச் சூரையைவிடக் கரையில் மேயும் பசுவே நெருங்கிய உறவு.