அறிவு (சொல்லிசைக் கலைஞர்)

அறிவு (இயற்பெயர்: அறிவரசு கலைநேசன்) தமிழ்நாட்டைச் சேர்ந்த சொல்லிசைக் கலைஞரும் பாடலாசிரியரும் ஆவார். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னை இசைக்குழுவின் பாடகர்களுள் ஒருவராக 2018இல் அறிமுகமானார். பின்னர்க் குழுவுக்கு வெளியே 'தெருக்குரல்' (2019), 'என்ஜாய் எஞ்சாமி' (2021), 'வள்ளியம்மா பேராண்டி' (2024) ஆகிய வெளியீடுகளின் மூலம் பரவலாக அறியப்பட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இவருடைய பாடல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது.

இளமை

அறிவு அரக்கோணத்தில் பிறந்தார். பொறியியல் பயின்றவர். கவிதை எழுதுவதில் தொடங்கிய இவரது ஈடுபாடு, பின்னர் தாளத்தோடு சொற்களை விரைந்து கூறும் சொல்லிசையாக மாறியது.

வட சென்னையும் இசைக்குழுவும்

யானைக்கவுனியிலிருந்து ராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வட சென்னை, துறைமுகத்தையும் தொடருந்துப் பாதைகளையும் தொழிற்சாலைகளையும் ஒட்டி வளர்ந்த பகுதியாகும். இங்குள்ள உழைக்கும் மக்களின் இசை வடிவம் கானா. சாவு வீடுகளில் இறந்தவரை நினைந்து இரவு முழுவதும் பாடப்படும் கானாவும், காதல், வேலை, சிறை, நட்பு ஆகியவற்றைப் பாடும் கானாவும் இதில் அடங்கும். நெடுங்காலம் இப்பாடல்கள் தெருவிலும் திருமண வீட்டிலும் சாவு வீட்டிலும் மட்டுமே ஒலித்தன. திரைப்படங்கள் அவற்றின் மெட்டை எடுத்துக்கொண்டபோதும், பாடியவர்களுக்கு மேடை அரிதாகவே கிடைத்தது.

இந்நிலையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினர். 'சாதி பேதமற்ற' என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) ஆண்ட தொடரிலிருந்து குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. கானா, பறை, ராக், சொல்லிசை ஆகியவற்றை ஒன்றிணைத்த இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. 19 பேர் கொண்ட அக்குழுவில் ராயபுரத்தைச் சேர்ந்த கானாப் பாடகி இசைவாணியும் இருந்தார். ஆண்களே பெரும்பான்மையாக இருந்த கானாத் துறையில் பாடிய இவர், 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவில் சொல்லிசைப் பகுதிகளை எழுதிப் பாடியவர் அறிவு. அதே ஆண்டில் வெளியான 'காலா' திரைப்படத்தின் 'உரிமையை மீட்போம்' பாடலையும் இவர் எழுதினார்.

தனி வெளியீடுகள்

குழுவின் பாடகர் தனியே தொகுப்பு வெளியிடுவது மேற்கத்திய இசையில் பழகிய வழக்கம். பீட்டில்ஸ் குழுவில் தம் பாடல்களுக்குப் போதிய இடம் பெறாத ஜார்ஜ் ஹாரிசன், குழு பிரிந்த 1970ஆம் ஆண்டிலேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்பை வெளியிட்டார். தமிழகத்தில் நிலைமை வேறு. இங்கு இசை என்றாலே பெரும்பாலும் திரையிசை. எனவே தனி வெளியீடு என்பது, பாடகர் ஒரு கதைமாந்தருக்காக அன்றித் தம் பெயரிலேயே பேசுவதாகும். மலேசியாவின் யோகி பி மற்றும் நட்சத்திராவின் 'வல்லவன்' (2006) தமிழ்ச் சொல்லிசையில் இதற்கு முன்னோடியாகும்.

தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து அறிவு உருவாக்கிய 'தெருக்குரல்' 2019இல் வெளிவந்தது. திருக்குறளை நினைவூட்டும் பெயர், தெருவின் குரல் என்றும் பொருள்படும். இத்தொகுப்பின் 'ஆன்ட்டி இந்தியன்' பாடல், இந்தியன் என்பதற்கு யார் வரையறை கூறுவது என்ற கேள்வியை எழுப்புகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிரான போராட்டக் காலத்தில் 'சண்ட செய்வோம்' பாடல் பரவியது.

என்ஜாய் எஞ்சாமி

2021 மார்ச்சு 7 அன்று வெளியான இப்பாடலை அறிவும் தீயும் பாடினர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளியை அமித் கிருஷ்ணன் இயக்கினார். 'என் சாமி' என்னும் அன்புவிளியே 'எஞ்சாமி' ஆயிற்று. ஒப்பாரியின் சாயலும் துள்ளல் தாளமும் கலந்த பாடலின் கரு, நிலத்தில் உழைத்தவருக்கு அந்நிலத்தின் பயன் சேரவில்லை என்பதாகும். வள்ளியம்மாளே காணொளியில் தோன்றுகிறார்.

இதன் பின்னணியில் மலையகத் தமிழரின் வரலாறு உள்ளது. பிரித்தானியர் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் வகுத்தது. தாயகம் என்று கூறப்பட்ட இடத்திற்குத் திரும்பியவர்களில் பலருக்கு இங்கு நிலமோ வீடோ இல்லை. வள்ளியம்மாளும் தோட்டத்திலிருந்து தமிழகம் வந்தவரே. 2022ஆம் ஆண்டளவில் யூடியூபில் இப்பாடல் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டிருந்தது.

பெயர் குறித்த விவாதம்

2021 ஆகத்தில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகர்கள் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இதனைப் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்தனர். பின்னர் அறிவைக் கொண்ட மின்னட்டையை இதழ் வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று சென்னையில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். பாடலைத் தாமே எழுதி, இசையமைத்து, பாடியதாக அறிவு அதன்பின் அறிக்கை வெளியிட்டார். மெட்டமைத்தலும் தயாரிப்பும் கூட்டு முயற்சி என்றும், உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். அறிவின் பங்கைத் தாம் எப்போதும் எடுத்துக்கூறி வந்ததாகத் தீ தெரிவித்தார். பாடலால் தங்களுக்கு எவ்வித வருவாயும் கிடைக்கவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் கூறினார்.

வரவேற்பு

அறிவின் ரசிகர்களில் இருவகையினரைக் காணலாம். 'மாஸ்டர்' (2021) திரைப்படத்தின் 'வாத்தி ரெய்டு' போன்ற பாடல்களால் தாளத்திற்காகக் கேட்க வந்தோர் ஒருவகை. தம் வீட்டுப் பாட்டியின் வாழ்க்கை முதன்முறையாகப் பாட்டில் வந்தது என்று உணர்ந்தோர் மற்றொரு வகை. என்ஜாய் எஞ்சாமியில் இவ்விரு வகையினரும் ஒன்றாயினர். சிறுவர்கள் ஆடிய அதே பாட்டைப் பெரியோர் ஒப்பாரியாகவும் கேட்டனர்.

யாருடைய பாட்டு என்ற விவாதத்திற்குப் பின்னர், 2024இல் அறிவு தம் தனித் தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி', அதாவது வள்ளியம்மாளின் பேரன்.