டேக் ரக்பி என்றால் என்ன? கபடி தெரிந்த குழந்தைகளுக்கு தடுப்பாட்டம் சொல்லித் தருவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கபடி தெரியாத பசங்க குறைவு. ஆனால் ரக்பி என்றதும், "அது முரட்டு ஆட்டமாச்சே, சின்னப் பசங்களுக்கு எதுக்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் அணி. அந்த ரக்பியில் ஆளைக் கீழே சாய்ப்பார்கள். தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான டேக் ரக்பியில் அதற்கு இடமே இல்லை.

எப்படி ஆடுவது?

ஒவ்வொருவர் இடுப்பின் இருபுறமும் ஒரு துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுபவரின் ஒரு பட்டையை உருவினால் அவரைப் பிடித்ததாகக் கணக்கு. உருவியவர் அதை உயர்த்திக் காட்டி "டேக்!" என்று கத்த வேண்டும். பந்து வைத்திருப்பவர் 3 விநாடிக்குள் வேறொருவருக்கு பாஸ் செய்ய வேண்டும். முன்னோக்கி வீசக் கூடாது. பட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகே உருவியவர் ஆட்டத்தில் சேரலாம். மோதுவது, சட்டையை இழுப்பது, பட்டையைக் கையால் மறைப்பது எல்லாமே தவறு.

கபடி எங்கே கை கொடுக்கும்?

கபடியில் ரைடர் மீது ஒருவர் தனியாகப் பாய்ந்தால் பெரும்பாலும் அவுட்தான். அதனால்தான் பக்கத்து ஆளோடு கைகோத்து 'செயின்' போடுகிறார்கள். இங்கேயும் அதே கணக்குதான். வரிசையிலிருந்து ஒருவர் முந்தி ஓடினால், அவர் விட்ட இடைவெளி எதிரணிக்கு வழியாகிவிடும். சின்னப் பசங்க எல்லாரும் பந்தின் பின்னாலேயே ஓடுவதுதான் முதல் சிக்கல்.

கபடியில் பழகிய ஒன்றை மறக்கவும் வேண்டும். கால் பிடி, இடுப்புப் பிடி இங்கே கிடையாது. கண்ணும் கையும் பட்டை மீது மட்டும்தான்.

வகுப்பு ஆசிரியரே தரக்கூடிய 3 பயிற்சிகள்

1. கயிறு நடை: 4 பேர் ஒரே கயிற்றைப் பிடித்தபடி முன்னேற வேண்டும். கயிறு வளைந்தால் யாரோ முந்திவிட்டார், அல்லது பின்தங்கிவிட்டார் என்று அர்த்தம். பழகியதும் கயிற்றை எடுத்துவிடலாம்.

2. "என் ஆள்!": எதிரில் வருபவரைக் கைகாட்டி, "இவன் என் ஆள்", "இவ என் ஆள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆளை இருவர் துரத்துவது இதில் குறையும்.

3. கோட்டுக்குத் தள்ளு: நேராகப் பாயாமல், உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓடுபவரை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டும். ஆளைத் தொடாமலே எல்லைக்கோடு இன்னொரு தடுப்பாளர் ஆகிவிடும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. மைதானத்தில் கல் பொறுக்கிய பிறகே ஆட்டம். வெயில் ஏறும் முன்போ, சாயங்காலமோ ஆடலாம். தலையைக் குனிந்து பாயக் கூடாது. நிமிர்ந்தபடி பக்கவாட்டில் நெருங்க வேண்டும். பட்டைக்கு பழைய துணியே போதும். ஆனால் முடிச்சுப் போடக் கூடாது. இழுத்ததும் வர வேண்டும்.

மார்க் போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யார் அதிகப் பட்டை உருவினார் என்று எண்ணினால், வேகமாக ஓடும் இரண்டு பேர் மட்டுமே ஆடுவார்கள். வரிசை எத்தனை முறை உடையாமல் நின்றது என்று எண்ணுங்கள். மெதுவாக ஓடும் குழந்தையும் தன் இடத்தில் நின்றால்தான் அந்தப் புள்ளி கிடைக்கும்.